உத்தேசமாகப் பிறந்தவர்

எங்கள் தோட்டத்தில் யாரும் தானாகப் பிறந்ததில்லை. கவ்வாத்து மாமா பதுளைக்குப் போய், அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "ஆமாங்க, இந்தப் பிள்ள பொறந்துச்சு" என்று சொன்ன பிறகுதான் பிறந்தோம். அதுவரைக்கும் சாப்பிட்டோம், தூங்கினோம், சளி பிடித்துத் தும்மினோம். ஆனால் பிறக்கவில்லை.

இப்படி ஒரு தோட்டத்தையே பிறக்க வைத்த மனிதருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சாவதற்கு முன்னால் அது ஒன்று கையில் வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. அந்தச் சான்றிதழ் விண்ணப்பங்களை வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவரைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரும். வந்தால் சிரியுங்கள், அவருக்கும் அதுதான் பிடிக்கும். என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் பிள்ளைகள் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தன, மலையில் பிறந்தன, லொறிக்குக் காத்திருந்த இடத்தில் பிறந்தன. பதிய வேண்டுமென்றால் தகப்பன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இறங்கிப் போக வேண்டும். "அடுத்த கிழமை பார்ப்போம்" என்பார். அந்த அடுத்த கிழமை ஆறு வருடம் கழித்து, பள்ளிக்கூட அதிபர் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் நாளில்தான் வரும். அன்றைக்கு அந்தப் பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் கவ்வாத்து மாமாவின் ஒற்றையறைக் காம்பராவைத் தேடிப் போவார்கள்.

அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. சாட்சிச் சட்டை. கலியாணத்துக்குப் போடமாட்டார், திருவிழாவுக்குப் போடமாட்டார். அதைப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறினால், தோட்டத்தில் யாரோ ஒருவர் இன்று பிறக்கப்போகிறார் என்று அர்த்தம்.

அவருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. மலையைப் பார்க்கத் தெரியும். தேயிலை மலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அந்த மலையிலுள்ள செடிகளையெல்லாம் தாழ வெட்டிவிடுவார்கள், மறுபடி துளிர்ப்பதற்காக. அதுதான் கவ்வாத்து. மாமா வாலிபத்திலிருந்து கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். எந்த மலையை எப்போது வெட்டினார்கள், அன்றைக்கு யார் வீட்டில் பிள்ளை அழுதது என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஒன்றாகக் கிடந்தது. அவர் முதன்முதலாகச் சாட்சி சொன்னதைப் பற்றி எங்கள் அப்பா நடித்தே காட்டுவார்.

"திகதி சொல்லுங்க," என்றாராம் அதிகாரி.

"ஒம்பதாம் நம்பர் மலை கவ்வாத்துங்க. மேல்பாதி முடிஞ்சி கீழ்ப்பாதி தொடங்கின புதன்கிழம அன்னிக்கு."

"ஐயா, நான் திகதி கேட்டேன்."

"நானும் அதத்தாங்க சொல்றேன்."

"வருஷம், மாசம், நாள்."

"அதெல்லாம் எங்க தொரையோட புஸ்தகத்துல இருக்குங்க. டெலிபோன் பண்ணிக் கேளுங்க. அவங்க புஸ்தகத்தப் பார்த்துச் சொல்லட்டும், நான் மலையப் பார்த்துச் சொல்றேன்."

அதிகாரி கோபத்தில் உண்மையாகவே டெலிபோன் எடுத்தார். தோட்ட அலுவலகத்தில் புத்தகத்தைத் தேடி, தூசி தட்டி, அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒன்பதாம் நம்பர் மலையின் கீழ்ப்பாதி ஒரு புதன்கிழமை தொடங்கியிருக்கிறது. மாமா புதன்கிழமை என்று முன்பே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த அதிகாரி, அவர் குடை வாசலில் தெரிந்தாலே பேனாவைத் திறந்து வைத்துவிடுவாராம்.

இந்த ஞாபகத்தை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கேட்காத இடத்திலும் சாட்சி சொல்வதுதான் அவருடைய வியாதி. எங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, பிறந்த மலையின் நம்பரைத்தான் சொல்வார். நான் பதினாறு. எதிர் லயத்து அண்ணன் ஏழு. ஒரு கலியாணப் பந்தியில், மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு நாலாம் நம்பர்ல்ல, முப்பது முடிஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயாசம் கேட்டார். இருபத்தாறு என்று சொல்லித்தான் பேச்சை முடித்திருந்தார்கள். நல்லவேளை, தாலி கட்டி முடிந்திருந்தது.

பசறையில் பள்ளிக்கூடங்களுக்கிடையில் விளையாட்டுப் போட்டி. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் எங்கள் தோட்டத்துப் பையன் முதலாவதாக வந்தான். நாங்கள் வேலிக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் வேலியைத் தாண்டிப் போய் நடுவரிடம் கைகட்டி நின்றார்.

"ஐயா, இவன் பதினோராம் நம்பர். பதினஞ்சு வயசு."

"நீங்க எந்தப் பள்ளிக்கூடத்து ஆளு?"

"இதே பள்ளிக்கூடந்தாங்க."

கேடயம் போய்விட்டது. ஒரு மாதம் அவரோடு யாரும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஒரே ஒருமுறை அவர் தவறினார். செல்லம்மா அக்காவுக்கும் பாக்கியம் அக்காவுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லப் போனபோது. மூத்தவரான செல்லம்மா அக்கா அஞ்சாம் நம்பர் மலை கவ்வாத்தின்போது பிறந்தவர். அந்த மலையில் ஒருமுறை வறட்சியால் கவ்வாத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். மாமா சுற்றுகளை எண்ணிய கணக்கில் ஒரு சுற்று பிசகிவிட்டது. செல்லம்மா அக்கா ஐந்து வயது குறைந்து, தன் தங்கையைவிட மூன்று வயது இளையவராக வெளியே வந்தார்.

முதலில் தோட்டமே சிரித்தது. செல்லம்மா அக்காவுக்குக்கூட சந்தோஷம்தான், நாலு நாள் கண்ணாடி பார்த்தார். பாக்கியம் அக்கா குழாயடியில் நின்றுகொண்டு, "இனிமே என்ன அக்கான்னு கூப்புடுடி. கவர்மெண்டே சொல்லிருச்சு" என்று அதிகாரம் செய்தார்.

செல்லம்மா அக்கா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார வேண்டிய வருடத்தில்தான் அந்தச் சிரிப்பு நின்றது. கடதாசியில் வயது போதவில்லை. திருத்துவதற்கு அலைந்தார்கள். பதிந்த பிறப்பைத் திருத்துவது, மறுபடி பிறப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முழங்கால் வீங்கிய அந்த அம்மா, தன் வயதுக்கு மேல் ஐந்து வருடம் கூடையைச் சுமந்துகொண்டு மலையேறினார்.

அந்த ஐந்து வருடமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லம்மா அக்கா வீட்டு வாசலில் ஒரு கட்டு விறகு கிடக்கும். நன்றாகக் காய்ந்த கவ்வாத்துக் குச்சிகள், ஒரே அளவில் வெட்டி, கொடியால் கட்டியது. யார் போட்டார்கள் என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாமா சாட்சி சொல்லப் போகும்போது ஒன்றுக்கு மூன்று தடவை குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இப்போது அவருடைய பிறப்புக்கு வருகிறேன்.

இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவருக்குப் பத்து வயதளவு இருக்கும். கடதாசியில் பெயர் உள்ளவர்கள்தான் போகலாம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி எல்லோருக்கும் பெயர் இருந்தது. மாமா பிறந்ததைப் பதிய அவருடைய அப்பாவுக்கு அந்த 'அடுத்த கிழமை' வரவேயில்லை. போய்ச் சேர்ந்ததும் எழுதிக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று பக்கத்துக் காம்பராவில் அவரை விட்டுவிட்டுப் போனார்கள். பதுளை ஸ்டேஷனில் கை காட்டியதுதான் கடைசி. கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

"ரயில்ல எடம் இருந்துச்சு. கப்பல்லயும் இருந்திருக்கும். கடதாசியிலதான் எடமில்ல," என்பார், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே. நாங்களும் சேர்ந்து சிரிப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையான பேச்சாகத்தான் இருந்தது.

அடையாள அட்டை எடுப்பதற்காக அவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு முகத்தைப் பார்த்து, பல்லைப் பார்த்து, ஏறத்தாழ ஒரு வயதை எழுதிக் கொடுப்பது. நாள் தெரியாததால் ஜனவரி முதலாம் திகதி. எங்கள் பக்கத்தில் பல பேர் ஜனவரி முதலாம் திகதிதான் பிறந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கேக் வெட்டினால் முழு மலைக்கும் போதும்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள். முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள், முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா கூடை இறக்கிய கையால் என் நியமனக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுக்காகிவிடும் என்று திருப்பித் தந்த நாளை நான் மறக்கமாட்டேன். பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. சுற்றறிக்கைகளை மனப்பாடம் செய்தேன். தோட்டத்துப் பெண் சலுகை காட்டினாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

ஒரு புதன்கிழமை வரிசையில் சாட்சிச் சட்டை தெரிந்தது. முறை வரும்வரை நின்று, என் முன்னால் வந்து குடையை இறக்கி வைத்தார்.

"வணக்கம் மிஸ்."

"மாமா, என்ன மிஸ்னு கூப்பிடாதீங்க."

"மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க மிஸ்தான். இந்தப் பக்கம் வந்தா பதினாறு."

"சரி, யாருக்குச் சாட்சி?"

"எனக்குத்தான்."

நான் அவருடைய பழைய கடதாசியை வாங்கிப் பார்த்தேன். "இது இருக்கே மாமா. உத்தேச வயசு. எல்லாத்துக்கும் இதுவே செல்லும்."

"எது, உத்தேசமா? நான் என்ன உத்தேசமாவா பொறந்தேன்? எங்கம்மாவுக்கு உத்தேசமாவா வலிச்சுச்சு?"

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பயலுக்கும் தெரியாம நான் போயிட்டா, இந்த ஊர்ல நான் பொறந்தேங்கிறதுக்கு ஒரு வரி இல்ல பாப்பா. அத ஒழுங்கா எழுதிக் குடு."

"சாட்சி வேணும் மாமா. உங்கள விட மூத்தவங்க. நேர்ல தெரிஞ்சவங்க."

"அப்படி யாரு இருக்கா. எல்லாரும் ஒண்ணு செத்துட்டாங்க, இல்ல போயிட்டாங்க."

"அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்ற. யாரா இருந்தாலும் இப்படித்தான் இருக்கணும்." அருகிலிருந்தவரைப் பார்த்து, "எங்க தோட்டத்துப் பிள்ள. நான்தான் சாட்சி சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இப்போது சுலபமாக இருந்திருக்கும்.

செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்த புதன்கிழமை ஒரு லொறி வந்து நின்றது. இருபது பேருக்கு மேல் இறங்கி என் மேசையைச் சூழ்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எதிர் லயத்து முருகேசு அண்ணன்.

"சாட்சி சொல்ல வந்திருக்கோம் மிஸ். கவ்வாத்து அண்ணே பொறந்தத நாங்க பார்த்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். லயமே பார்த்துச்சு."

அந்தக் கூட்டத்தில் மிக இளையவனுக்குப் பத்தொன்பது வயது. அவனும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் மாமா மூச்சிரைக்க உள்ளே வந்தார். விஷயம் கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார். சட்டைகூட மாற்றவில்லை.

"டேய் முருகேசு, நீ ஏழாம் நம்பர். நீ பொறந்தப்ப வெந்நி வைக்க வெறகு கொண்டுவந்தவன் நான். நீ எப்படிடா நான் பொறந்தத பார்த்த?"

"மனசால பார்த்தேன் அண்ணே."

"மனசால பாக்குறது சாட்சியில்ல. லொறியில ஏறு."

ஒவ்வொருவராக நம்பர் சொல்லி விரட்டினார். கடைசியில் செல்லம்மா அக்கா மட்டும் நகராமல் நின்றார்.

"நான் ஏறமாட்டேன். உங்க தப்பால அஞ்சு வருஷம் இளையவளாப் போனவ நான். அந்த அஞ்சு வருஷத்த இப்ப திருப்பிக் குடுங்க. மூத்தவளாகிச் சாட்சி சொல்றேன்."

 மாமா அவர் முன்னால் கைகட்டி நின்றார். பிறகு, மிகவும் மரியாதையாக, "அப்பவும் பத்தாதே தாயி" என்றார்.

செல்லம்மா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சற்று யோசித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "மேட்டு லயத்துல இருந்த மாரியாயி பெரியம்மா மொனராகலையில மகன் வீட்டுல இருக்காங்களாம். தொண்ணூறு தாண்டியிருக்கும். அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

ஒரு சனிக்கிழமை நானும் மாமாவும் மொனராகலை பஸ்ஸில் ஏறினோம். மாரியாயி அம்மா அங்கே சத்தியக்கடதாசியில் கைநாட்டு வைத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். படிவத்தை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையை மடியில் வைத்திருந்தேன். மாமா துவைத்து மடித்த சாட்சிச் சட்டையில் இருந்தார். மலை இறங்க இறங்கச் சூடு ஏறியது, அவர் மேல்பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

மாரியாயி அம்மா மாமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மாமாவின் அப்பா பெயரைச் சொன்னதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"விட்டுட்டுப் போனாங்களே, அந்தப் பயலா?"

"ஆமாங்க பெரியாத்தா. நான் எப்பப் பொறந்தேன்?"

"ரெண்டாம் நம்பர் மலை. கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்தாங்க. உங்கம்மாவும் நானும் வெறகு பொறுக்கப் போனோம். பொங்கலுக்கு மூணு நாள் இருந்துச்சு."

நான் வாயைத் திறக்குமுன் மாமா குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டார். "எந்தச் சுத்துக் கவ்வாத்து? முந்தினதா, பிந்தினதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருதடவ நான் பிசகியிருக்கேன்."

"ஆத்துப் பாலம் கட்டின வருஷம்."

"பாலத்துக்குக் கல்லு ஏத்தினப்பவா, முடிச்சப்பவா?"

"அடேய், ஒன் மூக்கத் தொடச்சுவிட்டவ நான். என்னயே கேள்வி கேக்குறியா? கல்லு ஏத்தினப்ப. ஒங்கப்பன் அங்கதான் நின்னான். ஆளனுப்பித்தான் கூப்பிட்டோம்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அவர் தொடர்ந்தார். "மழ தூறிக்கிட்டிருந்துச்சு. சுத்தறதுக்கு ஒரு துணியில்ல. உங்கம்மா சேலைக்கு மேல இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து, அதுல ஒன்னச் சுருட்டித் தூக்கிக்கிட்டா."

மாமாவின் அடுத்த கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார்.

"அழுதேனா?" என்று கேட்டார்.

"அழல. கண்ணத் தொறந்து எங்கள ஒவ்வொருத்தியா பார்த்த. இது என்னடி, விசாரணைக்கு வந்த மாதிரி பாக்குதுன்னு சிரிச்சோம்."

கைநாட்டு வைக்க அவர் விரலை நீட்டினார். நான் உறையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். பழைய படிவம். அதை அண்மையில்தான் மாற்றியிருந்தார்கள். மாற்றிய சுற்றறிக்கையை அலுவலகத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியவள் நானேதான். அவசரத்தில் மேசையின் கீழ்த்தட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"பரவால்ல, இதுலயே வைக்கட்டும் பாப்பா," என்றார் மாமா.

"செல்லாது மாமா. அடுத்த சனிக்கிழமை புதுசு கொண்டுவருவோம்."

"செல்லாதுன்னா சரி." அவர் மாரியாயி அம்மாவிடம் குனிந்து, "பெரியாத்தா, ஒரு கிழம சாகாம இருங்க" என்றார்.

"நீ சாகாம இரு, போ," என்றார் அந்த அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். தான் அட்டையில் இருப்பதைவிட இரண்டு வயது மூத்தவர் என்றும், ஜனவரி முதலாம் திகதி என்று எழுதியதில் பத்து நாள் தவறு என்றும் கண்டுபிடித்தார். கண்டக்டரிடமும் அதைச் சொன்னார். "சரி, ரெண்டு வயசு கூடினதுக்கு டிக்கெட்டுல குறைக்கமாட்டோம்" என்றார் கண்டக்டர். அதற்கு மாமா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

பசறை நெருங்கியபோது தேயிலை மலைகள் மறுபடி தொடங்கின. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு."

"சொல்லுங்க மாமா."

"படங்க எனக்குச் சுத்திட்டா. மழ வேற. அவ எதக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா?"



வியாழக்கிழமை காலை விறகு வெட்டப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முருகேசு அண்ணன் லொறியில் தூக்கிப்போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. புதிய படிவம் என் பையில் மடங்காமல் இருந்தது. அன்று மாலை மொனராகலைக்குத் தொலைபேசியில் சொன்னோம். தொலைபேசிப் பேச்சு சரியாகக் கேட்காத அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, "கைநாட்டு வைக்க எப்ப வர்றீங்க?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

இறப்பைப் பதிந்தோம். வயதுக்கு எதிரே அடையாள அட்டையில் இருந்ததைத்தான் எழுத வேண்டும். என் கையால், என் நல்ல எழுத்தில் எழுதினேன். இரண்டு வயது குறைவு.

செல்லம்மா அக்கா துக்க வீட்டுக்கு ஒரு கட்டு விறகோடு வந்தார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டுமே என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே அடுப்படியில் இறக்கினார். ஒரே அளவில் வெட்டி, கொடியால் கட்டியிருந்தது.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க நானும் முருகேசு அண்ணனும் பதுளை டவுனுக்குப் போனோம். கணினி முன்னால் இருந்தவர் படத்தை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"தோற்றம் என்னக்கா?"

அடையாள அட்டை என் கையில்தான் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை.

"இரண்டாம் நம்பர் மலைக் கவ்வாத்து. ஆற்றுப் பாலத்துக்குக் கல் ஏற்றிய வருடம். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு."

"அக்கா, நான் திகதி கேட்டேன்."

"நானும் அதத்தான் தம்பி சொல்றேன்."

அவர் முருகேசு அண்ணனைப் பார்த்தார். முருகேசு அண்ணன், "அப்படியே அடிங்க" என்றார். "கீழ சாட்சிகள்னு போட்டு எங்க பேரயும் போடுங்க. லொறியில வந்த எல்லாரும்." சொல்லச் சொல்ல இடம் போதாமல் எழுத்து சிறிதாகிக்கொண்டே போனது. மாரியாயி அம்மாவின் பெயரை எல்லோருக்கும் மேலே பெரிதாகப் போடச் சொன்னேன்.

அந்தப் பேனர் சந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் இன்னும் தொங்குகிறது. வெயிலில் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது, எழுத்துகள் இருக்கின்றன. கூர்ந்து பார்த்தால், சாட்சிகளின் வரிசையில் கடைசியாக என் பெயரும் என் பதவியும் தெரியும். நான் எந்தப் பிறப்பையும் நேரில் பார்க்காதவள். எந்த அலுவலகத்திலும் செல்லாத சாட்சி. அவர் பார்த்தால் குடையை இறக்கி வைத்துவிட்டு, "பதினாறு, நீ எப்படி நான் பொறந்தத பார்த்த?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு என்னை விரட்டிவிடுவார்.

வந்து விரட்டட்டும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில்தான் நான் பஸ் ஏறுகிறேன்.